கல்யாண கேசட்டில் பிடில்

விழுப்புரத்தில் நான் போய்க்கொண்டிருந்த பல் டாக்டர், காத்திருப்பவர்களின் பயம் தெளியட்டும் என்று சன்னமாக வயலின் போட்டு வைப்பார். மேல்நாட்டு வயலின், அவசரமே இல்லாத வில். மற்றவர்கள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் எழுந்து போய் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றுகொள்வேன். சீட்டு எழுதும் பெண் ஒருநாள் வெளியே வந்து, "இன்னா சார், ஊசின்னா பயமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முப்பத்தைந்து வயது ஆள் ஊசிக்குப் பயப்படுகிறான் என்று பெயர் எடுப்பது எவ்வளவோ மேல். வயலின் கேட்டால் செத்துப்போன என் தங்கையின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் மட்டும் வரமாட்டேன் என்கிறது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு வீடியோ கடையில் மிக்ஸிங் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் போய்விட்டுப் பஸ்ஸில் வருவேன். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விட்டார். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலை செய்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள் தங்கை. மூன்று பேர், ஒரே அறை, சமைக்க ஒரு கூரைச் சரிவு. அவ்வளவுதான் வீடு.

மிக்ஸிங் என்றால் என்ன என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் கல்யாணக் கேசட்டில் படம்தான் வேண்டும், சத்தம் வேண்டாம். பந்தியில் வாளி இடிக்கும், குழந்தை கத்தும், மைக் செட் அலறும். அதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு மேலே பாட்டுப் போடுவோம். கேசட்டை ஓட்டுகிற டெக்கில் அதற்கென்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கிவிட்டு ஓடவிட்டால் படம் அப்படியே இருக்கும், பழைய சத்தம் போய்ப் புதுச் சத்தம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். யாரும் வந்து, பொண்ணு பேசினது எங்கே, மாமா திட்டினது எங்கே என்று கேட்டதில்லை. குரல்தான் வீட்டிலேயே நடமாடிக்கொண்டு இருக்கிறதே, அதைக் கேசட்டில் வேறு எதற்கு?

மற்ற கடைக்காரர்கள் சினிமாப் பாட்டைப் போட்டார்கள். நான் வயலினைப் போட்டேன். அந்த வயலின் எனக்குக் கிடைத்தது பொம்மையார்பாளையத்தில். கடற்கரையோரம் ஒரு தங்கும் விடுதியைப் படம் எடுக்கப் போயிருந்தோம். ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மா, பெட்டியில் இடம் இல்லாமல் சில சாமான்களை மேஜைமேல் ஒதுக்கி வைத்திருந்தார். அதில் ஒரு கேசட். எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். அட்டையில் ஒரு ஏரி, அதில் ஒரு படகு. வாசித்தவர் யார், அந்த இசையை எழுதியவர் யார், ஒன்றும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஒரு வயலின், பின்னால் ஒரு பியானோ. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, மிக்ஸிங் அறையின் கதவைச் சாத்திவிட்டு அதைப் போடுவேன். யாரோ பின்னால் நின்று தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது போல இருக்கும். முதலாளியின் ஏச்சு, பஸ் நெரிசல், அம்மாவின் காய்ப்பு விழுந்த கை எல்லாம் அந்த அரை மணி நேரம் எங்கேயோ போய்விடும். நாடா தேய்ந்துவிடக் கூடாது என்று ஆறு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை சுகமான ஒன்றை நான் மட்டும் வைத்துக்கொள்வது பாவம் என்று தோன்றி, ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் போட ஆரம்பித்தேன். பொண்ணு மாப்பிள்ளை மாலை மாற்றுகிற இடம், மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடம், பொண்ணு ஜன்னலைப் பார்க்கிற இடம், எல்லாவற்றுக்கும் அதே வயலின்தான்.

நல்லதுக்குக் காலம் இல்லை. பெரிய தலைவர் யாராவது இறந்தால் ரேடியோவில் நாள் முழுக்க வயலினும் வீணையுமாக இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. டீக்கடையில் ரேடியோ திடீரென்று வயலின் வாசித்தால், "யாருபா போயிட்டது?" என்று கேட்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். வளவனூரிலிருந்து பொண்ணு வீட்டுக்காரர் ஒருவர் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "தம்பி, நாங்க வச்சது கல்யாணமா, கருமாதியா?" என்று கேட்டார். முதலாளி என் எதிரிலேயே அவருக்கு வேறு பாட்டுப் போட்டுக் கொடுத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கு முன்பு ஒரு கேசட்டில் மூன்று இடத்தில் போட்டவன், அதற்குப் பிறகு ஆறு இடத்தில் போட்டேன்.

வீட்டில் என்னை அதிகமாகக் கேலி செய்தவள் தங்கைதான். "எங்கண்ணன் கைல குடுத்தா ஆடு கத்துறதக்கூட எடுத்துட்டு அங்க பிடில் போட்டுடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிவாள். வயலின் என்று ஒருநாளும் சொன்னதில்லை, பிடில்தான்.

தொண்ணூற்று ஆறில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஒலக்கூர்ப் பக்கம். காலை ஒன்பது மணிக்குத் திண்டிவனம் கோயிலில் பூசை, அதிலேயே தாலி. நாங்கள் பழைய கிறிஸ்தவக் குடும்பம். பூசையில் அப்பம் வாங்குவதை நன்மை வாங்குவது என்போம். இப்போது சாமியார்களே ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும் என்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கணக்கு ஆகாது. நன்மை வாங்கும் வரைக்கும் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. அதுவும் கல்யாணப் பொண்ணு. முதல் நாள் சாயங்காலமே சொல்லிவிட்டாள், "நாளைக்கு பூச முடியற வரைக்கும் நீ பட்டினி. ஒருநாள் பட்டினி கெடந்தா ஒண்ணும் செத்துட மாட்ட."

கடை கேமராவை நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். தோளில் வைக்கிற பெரிய கேமரா. லைட் பிடிப்பவரையும் கூட்டிவந்திருந்தேன். கல்யாண வீட்டில் வீடியோக்காரனுக்குக் கடைசிப் பந்திதான், அதுவும் மிச்சம் இருந்தால்தான். அதனால் எங்கே போனாலும் கேமராப் பையில் நாலு பன் வைத்துக்கொள்வது என் பழக்கம். தங்கை கல்யாணத்துக்கும் வைத்திருந்தேன்.

காலை ஏழரை இருக்கும். லைட் பிடிப்பவர் காருக்குப் பூக்கட்டுகிற இடத்துக்குப் போயிருந்தார். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் மாதா பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இரும்பு நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பட்டு, தலையில் நெட்டு முக்காடு. பக்கத்து வீட்டு அக்கா பின்னால் நின்று, வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு பூ வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்த விதம் எனக்குப் பிடித்துவிட்டது. முகம் மட்டும் தெரியும்படி நெருக்கமாகப் போனேன்.

அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு கேமராவை நேராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். தோள் லேசாக முன்னால் வந்தது, கையை நீட்டியிருக்க வேண்டும். கை படத்தில் இல்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்துப் பேசினாள். சிரித்தாள். மொத்தமே அரை நிமிஷம். நான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூக்குத்தி சரியாக மின்னுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எனக்குக் கண் வேலை செய்தால் காது வேலை செய்யாது. அவள் பேசி முடித்ததும் கேமராவை நிறுத்திவிட்டு வாசலில் கோலம் எடுக்கப் போய்விட்டேன்.

பூசையில், தாலி மந்திரிக்கும்போது, தங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். மாப்பிள்ளையின் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டார். உடனே சரியாகிவிட்டாள். மத்தியானம் நான் பையைத் திறந்தால் நாலு பன்னில் ஒன்றுதான் இருந்தது. லைட் பிடிப்பவரை அத்தனை பேர் எதிரில் திட்டினேன். "சத்தியமா நான் எடுக்கலீங்க" என்றார் அவர். நான் நம்பவில்லை.

சாயங்காலம் ஒலக்கூருக்குப் போய்விட்டாள். மத்தியானம் மொய், போட்டோ என்று நின்றதில் பந்தியில் உட்காரவே இல்லை, அங்கேதான் அன்றைக்கு முதல் சாப்பாடு.

மற்றவர்களுக்கு நகல் எடுத்து அதில் மிக்ஸிங் செய்வோம். எடுத்த கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிடுவோம். நகல் எடுத்தால் படம் ஒரு பங்கு மங்கும். சொந்தத் தங்கைக்கு எதற்கு மங்கல் என்று, எடுத்த கேசட்டிலேயே நேராக அந்தப் பட்டனை அமுக்கினேன். ஜன்னலோரம் அவள் பேசுகிற இடத்துக்கு என்னிடம் இருந்ததிலேயே நல்ல பகுதியைப் போட்டேன். பியானோ ஓய்ந்து வயலின் மட்டும் தனியாக நிற்கும் இடம். மாதா பாட்டுச் சத்தத்தோடு அவள் பேசியதெல்லாம் போய்விட்டது. அதைப் போட்டுக் காட்டியபோது அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"கல்யாண கேசட்ல எழவு மீசிக் போட்டு வச்சிருக்கான் பாரு. ஒனுக்கு புத்தி கித்தி இருக்குதாடா?"

தங்கை மட்டும் அந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இருக்கட்டும்மா. பிடில் போட்டது நல்லதா போச்சு" என்றாள். ஒரு வழியாக அவளுக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்து நான் பூரித்துப் போனேன்.

மூன்றாம் வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் இருந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லை. கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்து கால் கழுவுகிற இடத்தில் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீதான்டா. கல்யாணத்தன்னிக்கே எம்பொண்ணுக்கு எழவு வாசிச்சது நீதான்டா." அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாற்பது நாள் கழித்து அம்மா அந்தக் கேசட்டைப் போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையிலிருந்து பழைய டெக் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவேன். அம்மா பூசைக்குப் போய்வந்து, டிவிக்கு எதிரில் தரையில் உட்காருவாள். கோயில், பந்தி, மாலை எதுவும் வேண்டாம். அந்த அரை நிமிஷம்தான்.

"பாரு, தொண்டைய முழுங்கறா. அழுவைய முழுங்கறா எம்பொண்ணு" என்பாள். பிறகு, "கைய நீட்டறா. யாரையோ கூப்புடறா" என்பாள். பிறகு டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து போய் அவள் வாயையே பார்ப்பாள். வயலின் வாசித்துக்கொண்டிருக்கும். தங்கையின் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். எத்தனையோ மத்தியானங்களில் என்னைத் தாலாட்டிய அதே வயலின்தான், இப்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

பூ வைத்த அக்காவிடம் அம்மா கேட்டிருக்கிறாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணங்கிட்ட ஏதோ சொல்லிக்கினு இருந்துச்சுக்கா. எனுக்கு நெனப்பில்ல" என்றாராம். அதனால் கேள்வி என்னிடம் வந்தது.

"ஒங்கிட்டதான பேசனா. இன்னாடா சொன்னா?"

இரண்டு ஞாயிறு தெரியாது என்றேன். அப்போது அம்மா சாப்பிடுவதையே விட்டிருந்தாள். மில்லுக்குப் போவாள், வருவாள், படுப்பாள். "பட்டினி போட்டு அனுப்புனேன்டா அவள. இந்த ஊட்டுல அவளுக்குக் கடைசி நாளு. ஒரு வாய் தண்ணி குடுக்கல நான். பசியிலதான பூசையில மயங்குனா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வாள். மூன்றாவது ஞாயிறு எனக்குத் தாங்கவில்லை. பொய் சொன்னேன்.

"அம்மாவப் பாத்துக்கண்ணா, நேரத்துக்குச் சாப்புடச் சொல்லுன்னு சொன்னாம்மா."

அம்மா எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் தூக்கைத் திறந்துவிடுவாள். யாராவது கேட்டால், "எம்பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா" என்பாள். மில்லில் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் சாமியாருக்கும் தெரியும். நான் இட்டுக்கட்டிய ஒரு வரிதான் அம்மாவைப் பன்னிரண்டு வருஷம் சாப்பிட வைத்தது. அம்மா ஒவ்வொரு முறை அதைச் சொல்லும்போதும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

வயலினை விட்டுவிட்டேன். ஏரிப் படம் போட்ட கேசட்டையும், அம்மா பார்ப்பதை நிறுத்திய பிறகு கல்யாணக் கேசட்டையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். நான் விட்டேனே ஒழிய அது என்னை விடவில்லை. ஊருக்கெல்லாம் இப்போதுதான் வயலினின் இதம் தெரிந்தது போலிருந்தது. ஆஸ்பத்திரியில், போனில் காத்திருக்கச் சொல்லும் நேரத்தில், ஜவுளிக்கடை லிஃப்டில், எங்கும் வயலின். மன அமைதிக்கு என்று அட்டையில் எழுதி விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே சிடி விற்றார்கள். பிறகு கம்ப்யூட்டரில், ஏரி, மலை என்று படம் காட்டிக்கொண்டே ஓடுகிற வயலின் வந்தது. இதைக் கேட்டுத்தான் தூங்குகிறோம் என்று யார் யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்கள். என் கேசட்டில் இருந்த அதே இசையை ஒருநாள் அதில் கேட்டேன். வேறு யாரோ வாசித்தது, ஆனால் அதேதான். வயலின் தனியாக நிற்கும் இடம் வந்ததும் திரையில் இருந்த ஏரி மறைந்து ஜன்னல் வந்தது. கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டேன்.

முதலாளி ஓய்ந்து, கடை என் கைக்கு வந்திருந்தது. இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் கேசட்டைச் சிடியாக மாற்றிக் கொடுப்பதுதான் பாதி வேலை. டெக்குகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய சாமான்களுக்கு நடுவில் ஒரு டெக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது, கனமாக இருந்தது. கடைக்குக் கொண்டுவந்து வளவனூர்க் கல்யாணம் ஒன்றின் கேசட்டைப் போட்டேன். நான் எடுத்ததுதான், அவசரத்துக்கு நகல் எடுக்காமல் நேராக மிக்ஸிங் செய்து கொடுத்தது. வயலின் வரவேண்டிய இடத்தில் ஒரு கிழவர், "சாம்பாரு இன்னாபா ஆச்சு, ஜல்தி ஊத்து" என்று கத்தினார்.

டெக் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பக்கம் ஒரு சின்னத் திருகு இருந்தது. இந்தப் பக்கம் திருப்பினால் வயலின், அந்தப் பக்கம் திருப்பினால் கிழவர். அதன் கையேட்டைக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் பெரிய கேமரா சத்தத்தை இரண்டு இடத்தில் பதிந்திருக்கிறது. நாடாவின் ஓரத்தில் ஒன்று, படத்தோடு சேர்த்து இன்னொன்று. நாங்கள் அமுக்கிய பட்டன் ஓரத்தில் இருப்பதை மட்டும்தான் அழித்திருக்கிறது. எங்கள் பழைய டெக்குகளுக்கு ஓரத்தில் இருப்பதை மட்டும்தான் படிக்கத் தெரியும். மற்றது அழியவே இல்லை. பதினாலு வருஷமாக எங்கள் பரண்மேல், அந்த வயலினுக்கு அடியில், தங்கை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

யாராக இருந்தாலும் அன்றைக்கே வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். நான் இரண்டு வாரம் பரண் பக்கமே போகவில்லை. அவள் வேறு ஏதாவது சொல்லியிருந்தால், ஒரு மணிக்குத் திறக்கிற அந்தத் தூக்கு என்ன ஆகும்? இந்தக் கல்யாணம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்? பசிக்கிறது, ஒரு வாய் தண்ணீர் கொடு என்று என்னிடம் கேட்டிருந்தால்? கேட்டு நான் கோலம் எடுக்கப் போயிருந்தால்? அதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அந்த இரண்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

கடைசியில் கல்யாணக் கேசட்டைப் பரணிலிருந்து இறக்கி எடுத்துப்போய், கடையை உள்ளே தாழிட்டுக்கொண்டு தனியாகக் கேட்டேன். மறுநாள் ஞாயிறு, டெக்கைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். அம்மாவிடம், "அவ கொரலு கெடச்சிருக்குதும்மா" என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. நாடாவின் ஓரங்களில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்ததை மெல்லிய துணியால் மறுபடி ஒற்றிவிட்டுப் போட்டேன்.

தொண்டை ஏறி இறங்கியது. மாதா பாட்டு தூரத்தில் கேட்டது. அதற்கு முன்னால், மிகவும் பக்கத்தில், தங்கை பேசினாள்.

"ண்ணா, இந்தா புடி. ஜல்தி வாயில போட்டுக்க, அம்மா வந்துடப் போவுது. உம்பையிலேர்ந்துதான் எடுத்தேன். நான் ரெண்டு துன்னுட்டேன். நன்ம வாங்கற வரைக்கும் பட்டினின்னா யாரால முடியும்? நீயும் காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல... தோ, இந்தாளு படம் புடிச்சிக்கினே இருக்குதுக்கா, காதுல வாங்குதா பாரு. அம்மாகிட்ட சொல்லிடாத, இன்னா? கேசட்ல தெரியாது. நீதான் எப்படியும் பிடிலப் போட்டு அமுக்கிடுவியே."

பிறகு அந்தச் சிரிப்பு. பூ வைத்த அக்காவும் ஊசியைக் கவ்விய வாயோடு சிரித்தது கேட்டது. படம் வெட்டிக் கோலத்துக்குப் போனது.

அம்மா மறுபடி போடு என்று கையைக் காட்டினாள். நாலு தடவை போட்டேன். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப, நேரத்துக்குச் சாப்புடச் சொல்லுன்னு அவ சொல்லல."

"இல்லம்மா."

"நீயா சொன்னதா?"

"ஆமாம்மா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "செரி, யாரு சொன்னா இன்னா. துன்னேன் இல்ல" என்றாள். பிறகு டிவி பக்கம் திரும்பி, நின்றுபோயிருந்த படத்தைப் பார்த்து, "ரெண்டு பன்னு துன்னாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு துன்னுட்டுத்தான் வந்திருக்கா."

"அழுவைய முழுங்கல. பன்ன முழுங்கியிருக்கா, திருட்டுக் கழுத." அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. "அப்ப பசியில மயங்கல. புழுக்கத்துலதான் மயங்கியிருக்கா. வெறும் வயித்தோட அனுப்பல நான். வெறும் வயித்தோட போவல எம்பொண்ணு." எனக்கும் அழுகை வந்தது. அவள் நீட்டிய மூன்றாவது பன்னை நான் வாங்கவில்லை. அது என்ன ஆயிற்று என்று அந்தக் கேசட்டில் இல்லை.

அடுத்த வாரம் லைட் பிடிப்பவரைத் தேடிக்கொண்டு போனேன். வேறு ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். பன் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஒலக்கூரில் இருக்கிற சித்தி கல்யாணக் கேசட்டைச் சிடியில் போட்டுத் தரச் சொல்லியிருந்தார். அம்மாவிடம் சொன்னேன், இப்போது குரலோடவே கொடுக்கலாம், எல்லோரும் கேட்கட்டும் என்று. அம்மா உடனே மறுத்துவிட்டாள்.

"ஒண்ணும் வாணாம். துன்னுட்டு நன்ம வாங்கினான்னு தெரிஞ்சா ஊரே வாயில போட்டு மெல்லும். சொல்லிடாதன்னு சொல்லியிருக்கா இல்ல? எனுக்கு மட்டும் ஒண்ணு கொரலோட குடு. மத்தவங்களுக்கு நீ பிடிலப் போட்டு அமுக்கிக் குடு."

அம்மாவே பிடில் போடச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா போய் இப்போது சில வருஷம் ஆகிறது. மறைக்க வேண்டிய ஆளே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா அப்படிச் சொன்ன மறுநாளே, பரணிலிருந்து ஏரிப் படம் போட்ட கேசட்டை இறக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். இப்போது பட்டன் இல்லை, கம்ப்யூட்டர்தான். வயலின் தனியாக நிற்கும் அந்த இடத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். போடுவதற்கு முன்னால், கேமரா பிடித்த அன்றைக்கே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சிரிப்பு வரைக்கும் கேட்டேன். சொல்லிடாத, இன்னா, என்றாள். "சொல்ல மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் பிடிலைப் போட்டேன்.